மேற்பரப்பு வன்மையாக்கலும் காலம் என்னும் காரணியும்: ஒரு விமர்சன நோக்கு

உருக்கின் மேற்பரப்பை விரைந்து சூடாக்கி உடனே குளிர்வித்து வன்மையூட்டும் முறையைப் பாடநூல்கள் பல ஒரே வகையிலேயே விளக்குகின்றன. சூடாக்கியதும் உருக்கு ஒசுத்தனைற்று நிலையை அடையும். நீரிற் குளிர்வித்ததும் வன்மை மிக்க மாட்டென்சைற்றாக மாறும் என்பதே அவ்விளக்கம். இரும்பு–காபன் சமநிலை வரைபடம் அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். இவ்விளக்கம் பிழையன்று, ஆயின் குறையுடையது.

சமநிலை வரைபடத்தில் வெப்பநிலையும் காபனளவும் உண்டு, காலம் இல்லை. மிக மெதுவாகச் சூடாக்கும்போதே அதன் கோடுகள் பொருந்தும். தூண்டிய மின்னோட்டத்தாற் சூடாக்கும்போதோ வெப்பநிலை ஒரு செக்கனில் நூற்றுக்கணக்கான பாகை உயரக்கூடும்.

0.45 சதவீதக் காபனுள்ள சாதாரண உருக்கை நோக்குவோம். அதன் நுண்கட்டமைப்பில் காபன் ஏறக்குறைய அற்ற பெரைற்று மணிகளும், பெரைற்றும் சீமந்தைற்றும் தகடுகளாக அடுக்கப்பெற்ற பேளைற்றும் உள்ளன. சூடாகும்போது முதலில் மாறுவது பேளைற்றே. அங்கு தோன்றும் ஒசுத்தனைற்றிற் காபன் ஏறத்தாழ 0.8 சதவீதமாகும். பெரைற்றும் மாறி, முழுப் பகுதியும் ஒரு சீராவதற்குக் காபன் அங்கிருந்து பரவவேண்டும்; பரவலுக்குக் காலம் வேண்டும். காலம் குறுகியவிடத்து வெப்பநிலையே அதனை ஈடுசெய்யவேண்டும். உலையில் 840 பாகை செல்சியசு அளவிற் சூடாக்கப்படும் இவ்வுருக்குக்குத் தூண்டல் முறையில் 900 பாகையும் அதற்கு மேலும் தேவைப்படுவது இதனாலேயாம். அது குறையின் மாட்டென்சைற்றிடையே மென்மையான பெரைற்றுத் திட்டுகள் எஞ்சும். மிகையாயின் மணிகள் பருத்து, குளிர்விக்கையில் வெடிப்புக்கு இடமுண்டாகும்.

தொடக்க நுண்கட்டமைப்பும் இங்குப் புறக்கணிக்கத்தக்கதன்று. முன்னரே வன்மையாக்கி, மீளச் சூடாக்கிப் பதப்படுத்திய உருக்கில் காபைட்டுத் துணிக்கைகள் நுண்ணியனவாய் நெருங்கியுள்ளமையால், காபன் சிறு தூரமே பரவவேண்டும். ஆகவே ஒரே சேர்க்கையுள்ள இரு தண்டுகள், ஒரே முறையிற் சூடாக்கப்பெற்றும் வெவ்வேறு பயனைத் தரலாம்.

குளிர்தலின்போது காலம் ஆற்றும் பங்கை டவென்போட்டும் பெயினும் 1930 இல் வரைபடமாக்கிக் காட்டினர். நூல்கள் அதனை ஏற்றுக்கொண்டன. சூடாதலுக்கும் அதே நியாயம் உண்டென்பதையே அவை போதிய அளவு வலியுறுத்தவில்லை.

இது வெறும் ஏட்டுக் குறையன்று. ரொக்வெல் வன்மைச் சோதனை பல மணிகளின் கூட்டு விளைவையே பதிவுசெய்யும். அதனுள் மறைந்திருக்கும் சிறு பெரைற்றுத் திட்டு, சுழலும் தண்டில் களைப்பு வெடிப்பின் தோற்றுவாயாகலாம். வன்மை எண்ணை மட்டும் நம்பாது, நுணுக்குக்காட்டியிற் கட்டமைப்பையும் நோக்கும் பழக்கம் மாணவரிடையே வளர்வதற்கு, சூடாதலின் காலத்தையும் கணக்கிற்கொள்ளும் விளக்கமே அடிப்படையாக அமையும்.