திருப்பி அடிக்கும் காட்சிக்குக் காத்திராமல்

பள்ளிக்கூடப் பகடிவதையைக் காட்டும் படம் என்றால், அடிபடுகிற பையன் எப்போது திருப்பி அடிப்பான் என்று காத்திருப்பது நம் பழக்கம். நாயகன் சட்டைக் கையை மடித்துவிடும் நொடிக்காகவே கைதட்டிப் பழகிய ரசிகர்கள் நாம். மலேசியாவின் பேராக் மாநிலத்தோடு தொடர்புடைய படங்களை ரசிக்க இந்தப் பழக்கத்தைச் சற்று ஒதுக்கிவைக்க வேண்டும். பழிவாங்கும் நம் ஆசையைப் படம் என்ன செய்கிறது என்று கவனிப்பதே இங்கே ரசனை என்பது என் வாதம். அந்த ஆசைக்குத் தீனி போடும் படம் சிறுவர்களின் கொடுமையைப் புரிந்துகொள்ளவில்லை, அதை வளர்க்கிறது.

சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) இதற்கு நல்ல பாடம். கதை நடப்பது 1990களின் தொடக்கத்தில். பன்னிரண்டு வயது அப்போய் துறுதுறுப்பும் கற்பனையும் உள்ளவன். பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கற்பனை தொல்லையாகத் தெரிகிறது. அப்பா மணியத்துக்கு அவன் படிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை, அதற்காகவே கைநீட்டுகிறார். சித்தப்பாமாரில் ஒருவர் போதையிலிருந்து மீண்ட பாலா, இன்னொருவர் குண்டர் கும்பலில் இருக்கும் துரை. இந்தப் படத்தை முதல்முறை பார்க்கும்போது அடி விழும் இடத்தைப் பார்க்கிறோம். இரண்டாம் முறை, அடிக்கிற கை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ரப்பர் மரங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் வழிவிட்டபோது தோட்ட மக்களுக்கு வேலையும் வீடும் ஒரே நாளில் போயின, ஏனென்றால் வீடும் தோட்டத்துக்குச் சொந்தம். பேராக்கின் சுங்கை சிப்புட், தைப்பிங் வட்டாரக் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மானேஜரிடமிருந்து கிராணிக்கு, கிராணியிடமிருந்து கங்காணிக்கு என்று படிப்படியாக இறங்கிய அதட்டல், தோட்டம் போன பிறகும் புறம்போக்கு வீட்டுக்குள் தொடர்கிறது. மணியத்தின் கோபத்தில் பயம் இருக்கிறது: தன்னைப்போல மகனும் ஆகிவிடுவானோ என்ற பயம். அதைக் கேட்கத் தொடங்கியதும் படம் வேறாகிவிடும்.

அப்போய்க்கு துரையின் மிடுக்கு பிடித்துப்போவதுதான் படத்தின் கூர்மையான இடம். யாரும் தொடத் துணியாத ஆளாக இருக்க வேண்டும் என்று அடிபடுகிற பிள்ளை நினைப்பது இயல்பு. அந்த ஆசை நமக்குள்ளும் எழுகிறது. நாம் கைதட்டக் காத்திருந்ததும் அந்த மிடுக்குக்குத்தான். நம் கைதட்டலே அப்போயை இழுத்துக்கொண்டு போகிறது என்று உணரும்போது படம் நம்மையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது.

இந்தியர் என்றாலே குண்டர் என்ற பழிக்கு இப்படிப்பட்ட படங்கள் துணைபோகின்றன என்று சிலர் வருந்துகிறார்கள். வருத்தம் நியாயமானது. ஆனால் செய்தித்தாளில் நாம் பார்ப்பது கைதான இளைஞனை. அவனுடைய பன்னிரண்டாம் வயதை எந்தச் செய்தியும் காட்டுவதில்லை. ‘ஜகாட்’ காட்டுவது அந்த வயதைத்தான். 2016 மலேசியத் திரைப்பட விழாவில், மலாய் அல்லாத படங்களைத் தனியே ஒதுக்கியதற்கு எதிர்ப்பு எழுந்து விதி மாறிய பிறகு, சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானதும் இந்தத் தமிழ்ப் படம்தான்.

யாஸ்மின் அகமதுவின் ‘டேலண்டைம்’ (2009) ஈப்போ ஆண்டர்சன் பள்ளியில் படமானது. இங்கே கொடுமைக்குக் கைகூடத் தேவையில்லை. வகுப்பில் ஹஃபிஸ் தன்னை முந்துவதைப் பொறுக்காத காஹோ, அவன் தேர்வில் ஏமாற்றினான் என்று பழிசுமத்துகிறான். காஹோ வீட்டில் அப்பாவிடம் அடிவாங்குபவன். மெலூர், தனக்குப் பதில் சொல்லாத மகேஷை வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள். அவனுக்குக் காது கேட்காது என்பது பிறகுதான் தெரிகிறது. திட்டும்போது நாமும் அவள் பக்கம் இருந்தோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. கடைசியில் பள்ளியின் திறன் போட்டியில் ஹஃபிஸ் பாடும்போது காஹோ எர்ஹு என்ற தன் சீன இசைக்கருவியோடு மேடையேறி அவனுடன் வாசிக்கிறான். மன்னிப்பு இவ்வளவு மலிவா என்று கேட்கலாம். காஹோ செய்தது சரி என்று படம் எங்கும் சொல்லவில்லை. தண்டனையைப் பார்க்கும் திருப்தியை மட்டும் நமக்குத் தர மறுக்கிறது. நோயில் கிடந்த தாயைப் பறிகொடுத்தவன் ஹஃபிஸ். அவனருகில் இன்னொருவன் வந்து உட்காருவதை விட எந்தத் தண்டனை அவனுக்கு உதவியிருக்கும்?

காரணம் தேடுவது கொடுமைக்காரனுக்கு வக்காலத்து வாங்குவதாகாதா? அடிபட்டவனை மறந்துவிட்டால் ஆகும். பாண்டிராஜின் தமிழ்நாட்டுப் படமான ‘பசங்க’ இந்த ஆபத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் போகிறது. ஜீவாவின் கும்பல் அன்புக்கரசுவைப் படுத்தும் பாட்டில் நமக்குச் சிரிப்பு வருவதால் வலி சில இடங்களில் நழுவிவிடுகிறது. ஆனாலும் பெரியவர்களின் சண்டையையும் பிள்ளைகளின் சண்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அதன் பலம்.

‘ஜகாட்’டை வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள், சண்டையும் போதையும் உள்ள படம் என்பதால் தனியே விட வேண்டாம். முடிந்ததும் படிப்பினை கேட்காதீர்கள். இதில் யாராக இருக்க ஆசை என்று மட்டும் கேளுங்கள். துரை என்று பதில் வந்தால் கண்டிக்காமல், பள்ளியில் யாரைப் பார்த்து உனக்குப் பயம் என்று அடுத்துக் கேளுங்கள்.