தேவையான பொருட்களும் இருக்கிற பொருட்களும்

சமையல் குறிப்பை நாம் ஒரு பிரதியாக வாசிப்பதில்லை. செய்து பார்க்கிறோம், அல்லது கிழித்து அலமாரியில் செருகி வைக்கிறோம். பெண்கள் பத்திரிகைகளின் இணைப்புகளில் வரும் குறிப்புகளை வரிசையாக வைத்துப் படித்தால் இலக்கணத்தில் ஒரு விநோதம் தட்டுப்படும். ‘நறுக்கவும்’, ‘வதக்கவும்’, ‘இறக்கவும்’. எழுவாயே கிடையாது. யார் நறுக்குவது? சொல்ல வேண்டியதில்லை. அது ஒரு பெண்தான் என்பது எழுதுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் முன்கூட்டியே தெரியும். இலக்கணம் காலியாக விட்ட இடத்தில் சமூகம் ஓர் உடலை நிறுத்தி வைத்திருக்கிறது.

1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் தன் நூலுக்கு வைத்த பெயர் ‘சமைத்துப் பார்’. முன்னிலை ஒருமை ஏவல். மூத்தவள் இளையவளிடம் பேசுகிற தொனி. பக்கத்தில் கேட்டுக்கொள்ள ஆளில்லாமல் தனிக்குடித்தனம் போன பெண்களுக்கு அந்நூல் துணையாக இருந்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது தமிழ்ப் பிராமண வீட்டின் சைவச் சமையலறை. இந்திய நடுத்தர வர்க்கத்தின் சமையல் நூல்கள் எப்படி ஒரு ‘தேசிய உணவை’க் கட்டமைக்கின்றன என்று அர்ஜுன் அப்பாதுரை 1988இல் எழுதினார். நம்மிடமும் சில சமையல்கள் வெறும் ‘சமையல்’ ஆகிவிட்டன. மற்றவை ‘கிராமத்து’ என்ற அடைமொழியோடுதான் உள்ளே வர முடிகிறது.

செஞ்சிப் பக்கத்துக் கூலி வீடுகளில் குறிப்பு வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. ‘என்னா கொழம்பு?’ன்னு கேட்டால், ‘இருக்கறத வெச்சி எதனா பண்ணணும்’ என்று பதில் வரும். மழைக்காலத்தில் வரப்புக் கீரை. கீரை இல்லாத நாளில் மல்லாட்டையை வறுத்து, காய்ந்த மிளகாயும் புளியும் உப்பும் வைத்து அரைத்த துவையல். கையில் காசிருந்தால் கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைத்த கேழ்வரகு மாவை, வெந்த நொய்யில் ஊற்றிக் கிண்டினால் கூழ். மறுநாள் காலையில் அதுவே மோரும் வெங்காயமும் சேர்ந்து இன்னொரு சாப்பாடு. பத்திரிகைக் குறிப்பின் முதல் வரி ‘தேவையான பொருட்கள்’. இங்கே அது ‘இருக்கிற பொருட்கள்’. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைக்கத் தெரிந்த இந்த அறிவை ‘எளிய உணவு’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

2025 ஜூலையில், மராட்டியர் காலத்து 12 கோட்டைகளில் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 1690களின் நீண்ட முகலாய முற்றுகையை நாம் தளபதிகளின் பெயர்களால் நினைவு வைத்திருக்கிறோம். ராஜகிரி அடிவாரத்தில் களஞ்சியம் நிற்கிறது. அந்தத் தானியத்தைக் குத்திப் புடைத்துப் பொங்கிய கைகளுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

இந்த இடத்தில் நம் தோழர்களோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததையொட்டி, நாமும் கூழையும் களியையும் கொண்டாடினோம். ‘கைப்பக்குவம்’ என்று உருகினோம். கைப்பக்குவம் என்ற சொல் உழைப்பை வரமாக மாற்றிவிடுகிறது. களி கிண்டுகிற தோளின் வலி அதில் மறைந்துபோகிறது. ‘சமைக்கும் நேரம் 20 நிமிடம்’ என்று அச்சடிக்கிற பத்திரிகையும் தண்ணீர் பிடித்ததை, பாத்திரம் துலக்கியதைக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

மராத்தியில் ஷாஹு பாட்டோளே 2015இல் ‘அன்ன ஹே அபூர்ண பிரம்ம’ எழுதினார். மராத்வாடா தலித் வீடுகளின் சமையல் குறிப்புகளைச் சாதியின் வரலாறாகவே எழுத முடியும் என்று அது காட்டியது. தமிழிலும் அப்படி எழுதப்பட வேண்டும். எழுதும்போது ஒரு வரியை மட்டும் விட்டுவிட வேண்டாம். ‘நான்கு பேருக்கு’ என்று குறிப்பின் தலையில் போடுகிறோமே, அந்த நான்கில் சமைத்தவள் இருக்கிறாளா?