தங்கப் பல்லும் கிருமியும்

யுத்தப் புத்தகங்களில் இரண்டு ரகம் உண்டு. ஜெனரல்கள் எழுதுவது ஒன்று. அதில் மேப் இருக்கும், அம்புக்குறி இருக்கும், ஆள் இருக்க மாட்டான். இன்னொன்று, அந்த அம்புக்குறியின் முனையில் சேற்றில் கிடந்தவன் எழுதுவது. யூஜின் ஸ்லெட்ஜ் எழுதிய 'வித் தி ஓல்ட் ப்ரீட்' (1981) இரண்டாவது ரகம். கிடைத்தால் விடாதீர்கள்.

ஸ்லெட்ஜ், அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு டாக்டரின் பிள்ளை. இரண்டாம் உலகப்போர் சமயம், காலேஜில் படித்தபடியே ஆபீசராகும் வாய்ப்பு வந்தது. அதற்குள் சண்டை முடிந்துவிடுமோ என்ற பயத்தில், வேண்டுமென்றே பெயிலாகி, மரைன் படையில் சாதா சிப்பாயாகப் போனார்!

1944 செப்டம்பரில் பசிபிக் கடலில் பெலிலியு என்ற குட்டித் தீவில் இறக்கிவிட்டார்கள். மூணு நாலு நாள் வேலை என்றார் தளபதி. இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தது. ஸ்லெட்ஜின் கம்பெனியில் இறங்கியவர்கள் 235 பேர். காயமில்லாமல் மிஞ்சியவர்கள் 85. அடுத்த வருஷம் ஒகினாவா, இன்னும் மோசம். பாக்கெட்டில் இருந்த புதிய ஏற்பாட்டுக்குள் ரகசியமாகக் குறிப்பெழுதி வைத்திருந்தார். அதுதான் பின்னால் புத்தகமானது.

இதில் வீரக் கதை தேடாதீர்கள். நல்ல வீட்டுப் பிள்ளை ஒருவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போவதைத்தான் சொல்கிறார். செத்த ஜப்பானியர்களின் வாயிலிருந்து சக வீரர்கள் தங்கப் பல்லைப் பிடுங்குவதைப் பார்த்து முதலில் அருவருக்கிறார். பிறகு ஒருநாள் தானே கத்தியோடு குனிகிறார். பக்கத்திலிருந்த மருத்துவ உதவியாளர், பல்லில் கிருமி இருக்கும், வேண்டாம் என்று தடுக்கிறார். ஊரே பிண நாற்றம்... அங்கே கிருமியாம்! அந்த மனிதர் காப்பாற்றப் பார்த்தது தன் உடம்பையல்ல என்பது ஸ்லெட்ஜுக்குப் பிறகுதான் உறைக்கிறது. தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் இந்த நேர்மைதான் புத்தகத்தின் பலம்.

குறை? கடைசிப் பக்கம். போர் கொடூரம், வீண் என்கிறார். சரி. அதே மூச்சில், வாழத் தகுந்த நாடென்றால் அதற்காகச் சண்டை போடவும் தகும் என்று முடிக்கிறார். அதுவரை கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னவர், திடீரென்று மேடை ஏறிவிட்டார். ஆனாலும் கோபம் வரவில்லை. அத்தனை சிநேகிதர்களைப் பறிகொடுத்தவருக்கு 'வீண்' என்று மட்டும் எழுதிப் பேனாவை மூட மனசு வருமா, சொல்லுங்கள்.

யுத்தத்துக்குப் பிந்திய ஸ்லெட்ஜை இந்தப் புத்தகத்தில் பார்க்க முடியாது. ஊர் திரும்பி, முதலில் வணிக நிர்வாகம் படித்தார். ஒட்டவில்லை. (காமர்ஸ் படித்த எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை!) பிறகு உயிரியலுக்கு மாறி, டாக்டர் பட்டம் வாங்கி, மான்ட்டெவல்லோவில் 1990 வரை பேராசிரியர். நடுவில் கெட்ட கனவுகள். அவை அடங்கிய பிறகே எழுத முடிந்தது என்கிறார். அதுவும் முதலில் தன் குடும்பத்துக்காக.

2001-ல் இறந்தார். மறு வருஷம் வெளிவந்த 'சைனா மரைன்' மிச்சக் கதையைச் சொல்கிறது. சின்ன வயசில் ஆசையாகப் போன வேட்டையை, திரும்பி வந்தபின் அவரால் தொடர முடியவில்லை. அடிபட்ட ஒரு புறாவைப் பார்த்து அழுதிருக்கிறார். அப்புறம் பறவைகளை வேடிக்கை பார்ப்பதோடு சரி.

முதல் புத்தகத்துக்குக் கடைசிப் பக்கமாக நான் வைத்துக்கொண்டது இந்தப் புறாவைத்தான்.