தரவுப்பலகைகளின் மதிப்பீட்டில் பயனர் அனுபவ அளவீடுகளின் பொருத்தப்பாடு: ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

டாஷ்போர்டு எனப்படும் தரவுப்பலகைகளை மதிப்பிடப் பொதுவான பயனர் அனுபவ அளவீடுகளே பெரிதும் கையாளப்படுகின்றன. பலகையின் வகையைக் கருதாது அவற்றைக் கையாள்வது பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும். பார்ப்பவர் எடுக்கவேண்டிய முடிவே அளவீட்டைத் தீர்மானிக்க வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: தரவுப்பலகை, பயனர் அனுபவம், அளவீடு, பயன்படுதன்மை, சூழல் உணர்வு.

முன்னுரை

ஐ.எஸ்.ஓ. 9241-11 என்னும் பன்னாட்டுத் தரநிலை, பயன்படுதன்மையை விளைவுறுதி, செயல்திறன், மனநிறைவு என மூன்று கூறுகளாகக் காண்கிறது. குறித்த பயனர், குறித்த நோக்கம், குறித்த சூழல் ஆகியவற்றோடு சேர்த்தே இவற்றை நோக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நடைமுறையில் கூறுகள் நினைவில் நிற்க, நிபந்தனை மறக்கப்படுகிறது. ஸ்டீபன் ஃபியூ தரவுப்பலகைகளை உத்திசார், பகுப்பாய்வுசார், இயக்கம்சார் என வகைப்படுத்தினார். பொதுமக்களுக்கான பலகைகளையும் இங்குத் தனிவகையாகக் கொள்ளலாம்.

பொது அளவீடுகளின் வரம்பு

ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய எஸ்.யு.எஸ். வினாப்பட்டியல், பத்துக் கூற்றுகளைக் கொண்டு 0 முதல் 100 வரை மதிப்பெண் தருகிறது. அமைப்பை அடிக்கடி பயன்படுத்த விருப்பமுண்டா என்பதே அதன் முதற்கூற்றின் பொருள். பணிநேரம் முழுவதும் பலகையின் முன் அமரும் கட்டுப்பாட்டறை ஊழியருக்கு அது விருப்பமன்று, கடமை. ஆகவே அக்கூற்று அவரிடத்தில் பெரிதும் பொருளிழக்கிறது.

கூகுள் ஆய்வாளர்கள் 2010இல் முன்வைத்த ஹார்ட் சட்டகம் மகிழ்ச்சி, ஈடுபாடு, ஏற்பு, தக்கவைப்பு, பணிநிறைவு என்னும் ஐந்தை அளக்கிறது. ஒரு பலகையில் நெடுநேரம் செலவிடுதல், பகுப்பாய்வாளரிடத்தில் ஆழ்ந்த தேடலின் அறிகுறியாகலாம். இயக்குநரிடத்தில் வேண்டியது கிடைக்காமையின் அறிகுறியாகலாம். எண் ஒன்று, பொருள் இரண்டு. எனினும், இலக்குகளை முதலில் வகுத்துப் பின்னரே அளவீடுகளைத் தெரிவு செய்யுமாறு அச்சட்டகத்தை உருவாக்கியோரே கூறியுள்ளனர். ஆகவே குறை சட்டகத்தில் அன்று, அதைக் கையாளும் முறையில் உள்ளது.

இயக்கம்சார் பலகை

இன்றைய இயக்கப் பலகையின் முன்னோடியான அணுவுலைக் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று இதனைத் தெளிவாக்கும். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுவுலையில் அழுத்தத்தணிப்பு வால்வு ஒன்று மூடாமல் சிக்கிக்கொண்டது. பலகையின் விளக்கோ, வால்வின் உண்மை நிலையைக் காட்டாமல் அதற்கு அனுப்பப்பட்ட கட்டளையை மட்டுமே காட்டியது. இயக்குநர்கள் வால்வு மூடியதாகக் கருதினர். இரண்டு மணி நேரத்திற்கு மேலாகக் குளிர்விப்பு நீர் வெளியேறியது. உலையின் கருவம் பகுதியளவு உருகியது. அவ்விளக்கைப் படிப்பது எளிது. அதற்கு நேரமும் பிடிக்காது. வேகத்தையும் மனநிறைவையும் மட்டும் அளந்திருந்தால் அது நன்மதிப்பெண்ணே பெற்றிருக்கும். இத்தகைய பலகைக்குப் பொருத்தமானவை, பிறழ்வைக் கண்டறியும் நேரம், தவறவிட்ட எச்சரிக்கைகள், சூழல் உணர்வு ஆகியவையே. மிகா எண்ட்ஸ்லியின் சாகாட் முறை, பாவனைப் பயிற்சியை இடையில் நிறுத்தி, அப்போதைய நிலையைப் பயனரிடமே வினவி இவ்வுணர்வை அளக்கிறது.

பொதுமக்களுக்கான பலகை

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கோவிட்-19 பலகை 2020 சனவரியில் வெளியாகி உலகெங்கும் பார்க்கப்பட்டது. அதன் தொடக்ககால நிலப்படத்தில் மொத்தத் தொற்று எண்ணிக்கைக்கேற்பச் சிவப்பு வட்டங்கள் இடப்பட்டிருந்தன. மக்கள்தொகை மிகுந்த நாட்டின் பெரிய வட்டத்தைத் தனிமனித இடர்ப்பாட்டின் அளவாகப் பார்ப்போர் கொள்ள இடமுண்டு. வருகை எண்ணிக்கை பலகையின் செல்வாக்கைக் கூறும், புரிதலைக் கூறாது. இங்கு அளக்கத்தக்கது, பார்த்தபின் ஒருவர் சொல்லும் விளக்கத்தின் சரிதன்மையே.

முடிவுரை

இப்பரிந்துரைக்கும் எல்லையுண்டு. சரியான விடை முன்கூட்டியே தெரிந்த இடத்தில்தான் சரிதன்மையை அளக்க இயலும். பகுப்பாய்வுப் பலகையில் விடை பெரும்பாலும் திறந்தநிலையில் இருப்பதால், பயனர் எழுப்பும் கருதுகோள்களையும் அவற்றுக்கு அவர் காட்டும் சான்றுகளையும் மதிப்பிட வேண்டியுள்ளது. அது கூடுதல் உழைப்பைக் கோரும். எளிதில் எண்ணத்தக்கது என்பதற்காக ஓர் அளவீட்டைத் தெரிவு செய்வது அவ்வுழைப்பைத் தவிர்க்கும் வழியேயாகும். பலகையைப் பார்ப்பவர் அடுத்து என்ன செய்யவேண்டும், அதில் தவறினால் யாருக்கு என்ன இழப்பு என்னும் இரு வினாக்களுக்கு விடை கண்டபின்னரே அளவீட்டைத் தெரிவு செய்தல் முறையாகும்.