ஒரே ஊர், பல எழுத்து: கூட்டுக் கலைக்களஞ்சியத்தில் நடை ஒருமை

தமிழ் விக்கிப்பீடியா போன்ற கூட்டுக் கலைக்களஞ்சியங்களில் ஒரே கட்டுரையைப் பலர் எழுதுகின்றனர்; பலர் திருத்துகின்றனர். எழுதியவர் பலராயினும், படிப்பவர் குழப்பமின்றிப் படிக்க உதவும் ஒழுங்கே நடை ஒருமை எனப்படுகிறது. எழுத்துக்கூட்டல், கலைச்சொல், ஆண்டும் அளவும் எழுதும் முறை, கூறும் தொனி ஆகியன இதில் அடங்கும். இந்த ஒழுங்கு ஏன் தேவை, எங்கே நிற்க வேண்டும் என்ற இரண்டையும் வடசென்னையின் ஊர்ப்பெயர்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

பின்னணி

தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட 'கலைக்களஞ்சியம்' 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் பெ. தூரன். கட்டுரையாளர் பலர் இருந்தும், அச்சுக்குப் போகும் முன் எல்லாம் ஒரே பதிப்புக் குழுவின் கைவழியே சென்றன. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் அப்படி ஒரு குழு இல்லை. தமிழ்நாட்டவர், இலங்கையர், புலம்பெயர்ந்தோர் எனப் பலரும் தத்தம் பழக்கப்படி எழுதுகின்றனர். ஒருவர் 'கணினி' என்பதை இன்னொருவர் 'கணனி' என்கிறார். 'டொராண்டோ' வேறொருவர் கையில் 'ரொறன்ரோ' ஆகிறது. பதிப்பாசிரியர் செய்த வேலையை இங்கே நடைக் கையேடும் பேச்சுப் பக்க உரையாடலும் செய்ய வேண்டியுள்ளது.

வடசென்னைப் பெயர்கள்

'இராயபுரம்', 'ராயபுரம்' என்ற இரு வடிவங்களும் வழக்கில் உள்ளன. தமிழ்ச் சொல் ரகரத்தில் தொடங்காது என்ற மரபிலக்கண விதிப்படி முன்னால் இகரம் சேர்கிறது. பேச்சிலும் செய்தித்தாளிலும் அந்த இகரம் பெரும்பாலும் விடப்படுகிறது. பேதுருவைத் தமிழ்க் கிறித்தவர்கள் இராயப்பர் என்று அழைத்ததிலிருந்து இப்பெயர் வந்தது என்பது பரவலாகக் கூறப்படும் விளக்கம். இரண்டு வடிவங்களும் பிழையற்றவை. ஒரே கட்டுரையில் தலைப்பு ஒன்றாகவும் உள்ளே வேறொன்றாகவும் இருப்பதுதான் குறை.

'திருவொற்றியூர்' என்பதன் நிலை வேறு. பேச்சொலியையும் ஆங்கில எழுத்தையும் பின்பற்றிச் சிலர் 'திருவொட்டியூர்' என எழுதுகின்றனர். தேவாரப் பாடல் பெற்ற இத்தலத்தின் பெயரில் 'ஒற்றி' என்ற சொல் நிற்கிறது. திரு, ஒற்றியூர் என்ற இரண்டும் வகர உடம்படுமெய் பெற்றுப் புணர்ந்தன. டகரம் இட்டால் அந்தச் சொல்லே மறைந்துவிடும். எனவே இது மாற்று வடிவமாகாது; திருத்த வேண்டிய பிழை.

அதே திருவொற்றியூர்ச் சாலையில் உள்ள காலடிப்பேட்டை மூன்றாவது வகை. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களுக்காக அமைத்த குடியிருப்பு இது. 'காலட் பேட்டை' மக்கள் நாவில் 'காலடிப்பேட்டை' ஆயிற்று. மூலப்பெயரே சரியென்று ஒருவர் தலைப்பை மாற்றினால், அங்கு வாழ்பவர் தம் ஊரை அடையாளம் காண முடியாது. மூல வரலாறு கட்டுரையின் உள்ளே இருக்கட்டும். தலைப்பில் மக்கள் வழங்கும் பெயரே இருக்க வேண்டும்.

மாற்று வடிவம், பிழை, மருவிய வடிவம் ஆகிய மூன்றையும் ஒரே விதியால் அளக்க முடியாது என்பதற்கு இவை போதும். அரசும் இச்சிக்கலைச் சந்தித்தது. தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றும் ஆணை 2020 ஜூனில் வெளியானது. தண்டையார்பேட்டையும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஒலிபெயர்ப்பு முறை குறித்துக் கருத்து வேறுபாடுகள் எழுந்தன. சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது.

ஓர் ஆறு, மூன்று பெயர்

எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கும் ஆறு 'கொசஸ்தலை' என்றும், கிரந்த எழுத்தைத் தவிர்ப்போரால் 'கொசத்தலை' என்றும், 'கொற்றலை' என்றும் எழுதப்படுகிறது. ஒருமையின்மையால் உண்மையான இழப்பு நேர்வது இத்தகைய இடத்தில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர் முகத்துவாரப் பகுதியில் எண்ணெய் பரவி மீனவர் வாழ்வைப் பாதித்தது. அதைப் பற்றித் தேடும் மாணவர் ஒரு பெயரை இட்டால் மற்ற இரு பெயர்களில் எழுதப்பட்டவை கிடைக்காமல் போகலாம். மூன்றும் வெவ்வேறு ஆறுகள் என்றும் அவர் எண்ணக்கூடும். ஒரு பெயரைத் தலைப்பாக வைத்து, மற்றவற்றிலிருந்து வழிமாற்று அமைத்து, முதல் வரியிலேயே மூன்று பெயர்களையும் தருவதே இதற்குத் தீர்வு.

சொல்லும் தொனியும்

1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் நிலையத்தை 'தொடருந்து நிலையம்', 'தொடர்வண்டி நிலையம்', 'ரயில் நிலையம்' என எப்படியும் எழுதலாம். ஆங்கில விக்கிப்பீடியா இதே போன்ற சிக்கலைக் கையாளும் முறை கவனிக்கத்தக்கது. அங்கு பிரித்தானிய, அமெரிக்க எழுத்துக்கூட்டல் இரண்டும் ஏற்கப்படுகின்றன. ஆனால் ஒரு கட்டுரைக்குள் ஒன்றே வர வேண்டும். ஒரு நாட்டோடு நெருங்கிய பொருளுக்கு அந்நாட்டு வழக்கே முதன்மை பெறும். இதைப் பின்பற்றினால் இராயபுரத்துக்குத் தமிழ்நாட்டு வழக்கும் யாழ்ப்பாணத்துக்கு இலங்கை வழக்கும் பொருந்தும்.

எழுத்தைவிடத் தொனியைச் சீராக்குவது கடினம். கோயில் பற்றிய பத்தி தலபுராணம் போலவும், தொழிற்சாலை பற்றிய பத்தி நிறுவன விளம்பரம் போலவும், மாசு பற்றிய பத்தி கோரிக்கை மனு போலவும் அமைந்தால், எழுத்துக்கூட்டல் சீராக இருந்தும் கட்டுரை ஒன்றாகாது. எங்கே, எப்போது, யாருக்கு என்ன நேர்ந்தது என்று மூன்று பத்திகளும் ஒரே அளவான குரலில் கூற வேண்டும்.

மதிப்பீடு

நடை ஒருமையை வலியுறுத்துவோர் சில நேரம் ஒருமையையே நோக்கமாகக் கொள்கின்றனர். பொருளறிவு தரும் புதியவரின் பத்தியில் எழுத்தை மட்டும் மாற்றிவிட்டு, காரணம் கூறாமல் செல்கின்றனர். எண்ணூரின் மீன்பாடும் வலைகளும் அறிந்த ஒருவர் இதனால் எழுதுவதை நிறுத்தினால், சீரான எழுத்து அந்த இழப்பை ஈடுசெய்யாது. மறுபுறம், எப்படியும் எழுதலாம் என்று விட்டால் தேடுபவருக்குக் கிடைக்காது. ஆண்டு, அளவு, தலைப்பமைப்பு, தொனி ஆகியவற்றில் கண்டிப்பும், ஊர்ப்பெயரிலும் வட்டார வழக்கிலும் சான்று பார்த்து முடிவெடுக்கும் பொறுமையும் வேண்டும். எந்த மாற்றத்துக்கும் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி காரணம் எழுதுவது, அடுத்து எழுத வருபவருக்கு நடைக் கையேட்டைவிட நல்ல பாடமாக அமையும்.