பட்டா இல்லாத பாட்டு

1

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்து ஊரில் ஒரு நினைவேந்தல் கூட்டம். பறையும் ஒப்பாரியுமாக நடந்த நிகழ்ச்சியில் அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் பாடினார். மாமியாரிடம் கேட்டுப் பழகிய மெட்டு. சொற்கள் அன்றைக்கு அவரே கட்டியவை. கலைக்குழுத் தம்பி ஒருவன் அதைக் கைபேசியில் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றினான். மறுநாளே தளத்திலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. பாட்டின் மெட்டு இன்னொருவருக்குச் சொந்தமாம். காணொளி இருக்கலாம், விளம்பரம் வந்தால் பணம் அவர்களுக்கு. அந்த மெட்டை ஒரு சினிமாப் பாட்டில் எடுத்துப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான் விஷயம். நான் போய் அம்மாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். "எங்க மாமியா செத்து இருவது வருசமாச்சே தம்பி, அதுகிட்ட யாரு போயி எழுதி வாங்குனா?"

எம்.ஏ. தமிழ் படித்த என்னிடம் இதற்குப் பதில் இல்லை. நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் கிடையாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். சிறுபத்திரிகைகளுக்கு வந்தபோது, எந்தப் பிரதிக்குமே ஆசிரியன் கிடையாது, அவன் இறந்துவிட்டான் என்று ரோலாண் பார்த்தைக் காட்டிச் சொன்னார்கள். இரண்டையும் நம்பினேன். ஆசிரியன் இறந்த வீட்டில் யார் வந்து பட்டா மாற்றிக்கொண்டு போகிறார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

அந்த அறிவிப்பை அனுப்பியது மனிதர் அல்ல. யூடியூப் 2007இல் கொண்டுவந்த 'கன்டென்ட் ஐடி' என்ற எந்திரம். உரிமையாளர் என்று பதிந்துகொண்ட நிறுவனங்கள் தங்கள் ஒலிக்கோப்புகளை அதனிடம் கொடுத்துவைக்கின்றன. ஏற்றப்படும் ஒவ்வொன்றையும் அது ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் நிறுவனம் அதைத் தடுக்கலாம், விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம், அல்லது சும்மா கண்காணிக்கலாம். மறுப்புச் சொல்ல வழி இருக்கிறது. ஆனால் மறுப்பு முதலில் போய்ச் சேருவது உரிமை கோரிய அதே நிறுவனத்திடம்தான். பதில் சொல்ல அதற்கு 30 நாள் அவகாசம். களவு கொடுத்தவன் களவெடுத்தவனிடமே மனு கொடுக்கிற இந்த ஏற்பாட்டுக்குத்தான் நாம் 'திறந்த வெளி' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

2

சமூக வலைத்தளங்கள் வந்தபோது இசை பற்றி ஒரு பெருங்கதையாடலும் கூடவே வந்தது. தரகர் ஒழிந்தார், இனிப் பாடகனும் கேட்பவனும் நேருக்கு நேர் என்பது அதன் சாரம். இக்கதையின் தலபுராணம் மைஸ்பேஸிலிருந்து தொடங்குகிறது.

2003இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அத்தளம் இசைக்குழுக்களுக்கு இலவசமாகப் பக்கம் கொடுத்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஆர்க்டிக் மங்கீஸ் குழுவின் முதல் தொகுப்பு 2006 ஜனவரியில் வெளிவந்து, பிரிட்டனில் முதல் வாரத்திலேயே 3,60,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. 'மைஸ்பேஸ் பெற்றெடுத்த குழு' என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அந்தப் பையன்களோ, அப்படி ஒரு தளம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது என்றார்கள். நடந்தது வேறு. அவர்கள் நிகழ்ச்சிகளில் குறுந்தகடுகளைச் சும்மா கொடுத்தார்கள். வாங்கிப்போன ரசிகர்கள் அதைப் பிரதியெடுத்து இணையத்தில் பரப்பினார்கள். அவர்கள் பெயரில் பக்கம் தொடங்கியதும் ரசிகர்களே. பரப்பியவர்கள் மனிதர்கள், பெயர் தட்டிச் சென்றது தளம்.

பெயர் மட்டுமா? 2005இலேயே மைஸ்பேஸை வைத்திருந்த நிறுவனத்தை ரூபர்ட் மர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷன் 58 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. அந்த 58 கோடியில், பக்கம் பக்கமாகப் பாட்டுப் போட்டவர்களுக்கும் நண்பர்களை அழைத்துவந்தவர்களுக்கும் பங்கு இல்லை. பிறகு கூட்டம் முகநூல் பக்கம் நகர்ந்தது. 2011இல் தளம் ஏறக்குறைய 3.5 கோடி டாலருக்குக் கைமாறியது. 2019 மார்ச்சில் இன்னொரு செய்தி வந்தது: சேமிப்புக் கணினிகளை மாற்றும்போது, பன்னிரண்டு ஆண்டுக் காலத்தில் ஏற்றப்பட்ட பாடல்கள் அழிந்துவிட்டன. 5 கோடிப் பாடல்கள் என்று பத்திரிகைகள் மதிப்பிட்டன. தளம் வருத்தம் தெரிவித்தது. பண்ணையார் வீட்டுக் களஞ்சியம் எரிந்தால் பண்ணையாருக்கு நட்டம் என்பார்கள். இங்கே எரிந்தது குடியானவனின் விதைநெல்.

3

டல்லாஸ் ஸ்மித் என்ற கனடிய மார்க்சியர் 1977இல் ஒரு கேள்வி கேட்டார்: தொலைக்காட்சி எதை விற்கிறது? நிகழ்ச்சியை அல்ல, பார்வையாளரை. விளம்பரதாரரிடம் விற்கப்படும் பண்டம் நாம்தான் என்பது அவர் வாதம். வலைத்தளங்களைப் பொறுத்தவரை இதோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். இங்கே பண்டமாக இருப்பவரே கூலியில்லாத விற்பனையாளராகவும் இருக்கிறார்.

2011 நவம்பரில் வந்த 'ஒய் திஸ் கொலவெறி' பாட்டை நினைத்துப்பாருங்கள். முறையாக முடியாத ஒரு வடிவம் முதலில் கசிந்தது. அதன்பின் சோனி மியூசிக் நிறுவனம் பாட்டை யூடியூபில் வெளியிட்டது. ஒலிப்பதிவுக் கூடத்தில் நாலு பேர் சும்மா கூடி விளையாடுகிற மாதிரியான படம். பெரிய செட் இல்லை, நடனக்குழு இல்லை. 'நம்ம பசங்க' என்ற அந்தத் தோற்றம்தான் அதன் விற்பனை உத்தி. பார்த்தவர்கள் பகிர்ந்தார்கள், அவரவர் ஊருக்கும் மொழிக்கும் ஏற்பத் தங்கள் வடிவங்களைப் பாடி ஏற்றினார்கள். வீடு வீடாகப் போய்ப் பாட்டைச் சேர்த்தது யார்? நாம். அதற்கான உழைப்பை உழைப்பென்றே நாம் கருதவில்லை, 'ஜாலி' என்றோம். பாட்டு ஊரையெல்லாம் ஆட்டிவைத்தது. மறு ஆண்டு வந்த '3' படம் அந்த அளவுக்குப் போகவில்லை. பாட்டின் பரவலும் படத்தின் விற்பனையும் வேறு வேறு என்பது தெரிந்த பிறகும், பரவலே எல்லாம் என்ற நம்பிக்கை மட்டும் குறையவில்லை.

இந்தப் பரவல் ஓடுவது உறவின் மேல். "மச்சான், ஒரு லைக் போட்ரா", "அண்ணே, சப்ஸ்க்ரைப் பண்ணிடுங்க" என்று கேட்கிறவன் நம் பங்காளி, மறுக்க முடியாது. இது ஒருவகையில் மொய். இன்றைக்கு உன் பாட்டை நான் பகிர்கிறேன், நாளைக்கு என் கவிதையை நீ பகிர்வாய். மொய் நோட்டு மட்டும் விருந்து வைத்தவன் கையிலும் இல்லை, விருந்தாளி கையிலும் இல்லை. யார் யாருக்கு உறவு, யார் எதற்கு இளகுவார் என்ற கணக்கு முழுதும் தளத்தின் கையில். அந்தக் கணக்கைக் காட்டித்தான் அது விளம்பரம் பிடிக்கிறது.

ஒலிநாடா காலத்தை நான் புனிதப்படுத்தவில்லை. வட இந்தியாவில் மலிவான நாடா, கிராமபோன் கம்பெனியின் ஏகபோகத்தை உடைத்து வட்டார இசைக்கு வாசல் திறந்ததையும், அதே வாசல் வழியே புதிய முதலாளிகள் நுழைந்ததையும் பீட்டர் மேனுவல் 1993இல் வந்த தன் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஆனாலும் கூட்டத்தில் நாடா விற்ற தோழருக்குத் தன்னிடம் வாங்கியவர் முகம் தெரியும். பணம் இயக்கத்துக்குப் போனது. வாங்கியவர் வீட்டில் நாடா இருந்தது. கம்பெனி கைமாறினாலும் அது அழியாது.

4

இந்த இடத்தில் 'எஞ்சாயி எஞ்சாமி'யைப் பேசாமல் போக முடியாது. 2021 மார்ச்சில் 'மாஜா' நிறுவனத்தின் யூடியூப் பக்கத்தில் வெளிவந்தது. தீயும் அறிவும் பாடினார்கள், தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். சுயாதீனக் கலைஞர்களுக்கான தளம் என்று, ஏ.ஆர். ரஹ்மானின் ஆதரவோடு அறிமுகமானது மாஜா. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து பாட்டு வந்ததாக அறிவு சொன்னார். நிலத்தைத் திருத்தியவர்களுக்கே நிலம் இல்லாமல் போனதைப் பாடிய பாட்டு. பார்வை எண்ணிக்கை 40 கோடியைத் தாண்டியது.

2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. பா. ரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பிய பிறகு அறிவுக்குத் தனியே ஓர் இணைய அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் பாட்டு அரங்கேறியபோதும் மேடையில் அறிவு இல்லை. பாட்டில் தன் உழைப்பு என்ன என்பதை அவர் இன்ஸ்டாகிராமில் எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் பதில் எழுதினார்கள். யார் பங்கு எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் தலித் கலைஞர் ஒருவர் தன் பெயரைத் தானே திரும்பத் திரும்ப எழுதிக் காட்ட வேண்டிய நிலையைச் 'சின்ன மனஸ்தாபம்' என்று கடந்துபோனது சாதியச் சொல்லாடல் அன்றி வேறில்லை. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார்: மூன்று ஆண்டுகளாக இந்தப் பாட்டிலிருந்து எங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. வழக்கு எதுவாகவும் இருக்கட்டும். கோடிக்கணக்கான பார்வைகளைப் பெற்ற பாட்டின் கணக்கைப் பாட்டைச் செய்தவர்களால் நேரே பார்க்க முடியவில்லை என்பதே எனக்குப் போதுமான செய்தி.

நிலமின்மையைப் பாடிய பாட்டுக்கே பட்டா வேறு பெயரில். உண்மையான நிலமின்மை வேறு, அது வயிற்றில் அடிப்பது. அதைக் காட்டி ஓர் உவமை செய்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. இருந்தும் சொல்கிறேன், ஏனென்றால் குற்றத்தில் எனக்கும் பங்கிருக்கிறது. 2021இல் அந்தப் பாட்டைப் பகிர்ந்து நான் முகநூலில் ஒரு பத்தி எழுதினேன். முந்நூறு விருப்பக்குறிகள். பாட்டு யாருடைய பக்கத்தில் ஓடுகிறது, காசு யாருக்குப் போகிறது என்று ஒரு நிமிடம் பார்க்கவில்லை. விமர்சகன் என்று நினைத்துக்கொண்டு விளம்பர வேலை பார்த்திருக்கிறேன்.

5

அப்படியானால் வெளியேறிவிடலாமா? தோழர்கள் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. நம்முடைய பாட்டுகளும் அங்கேதான் பரவியிருக்கின்றன. எப்படிப் பரவின என்பதைப் பார்க்க வேண்டும்.

2015 ஜூலையில் சோஃபியா அஷ்ரஃப் பாடிய 'கொடைக்கானல் வோன்ட்' சில நாளில் உலகைச் சுற்றியது. பாதரச ஆலையால் பாதிக்கப்பட்ட தொழிலாளர்களுக்காக யூனிலீவரைக் கேள்வி கேட்ட பாட்டு. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. 'பாட்டு ஜெயித்தது' என்று எழுதினார்கள். 2001இல் ஆலை மூடப்பட்டதிலிருந்து சங்கமாகச் சேர்ந்து, வழக்காடி, செத்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் இல்லையென்றால் அந்தப் பாட்டுக்குப் பேச விஷயமே கிடையாது. பாட்டு பரவியது, சங்கம் நின்றது. அதே 2015 அக்டோபரில், மதுக்கடைகளை மூடச்சொன்ன பாட்டுக்காகத் தோழர் கோவனை நள்ளிரவில் கைதுசெய்து தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். கைதுக்குப் பிறகுதான் பாட்டு பட்டிதொட்டியெல்லாம் போனது. பார்வை எண்ணிக்கை அவரைக் காப்பாற்றவில்லை. வீதிக்கு வந்தவர்களும் வழக்கறிஞர்களும் காப்பாற்றினார்கள்.

2017இல் டி.எம். கிருஷ்ணா பாட, கபேர் வாசுகி எழுதிய 'சென்னை பொறம்போக்குப் பாடல்' வந்தது, எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி. வசவாகிப்போன ஒரு சொல்லை, எவருக்கும் பட்டா இல்லாத, எல்லோருக்கும் பொதுவான நிலம் என்ற பழைய பொருளுக்குத் திருப்பியது அது. நாட்டார் பாட்டும் அப்படிப்பட்ட பொறம்போக்குதான். பொதுவில் கிடப்பது அனாதையாகக் கிடப்பது என்று எண்ணுகிறவன் அதை வளைத்துப்போடுகிறான். பொறம்போக்கைக் காப்பாற்ற, அங்கே மாடு மேய்ப்பவர் யார், மீன் பிடிப்பவர் யார் என்று ஊர் சொல்ல வேண்டியிருக்கிறது. பாட்டுக்கும் அதையே செய்ய வேண்டும். பாடியவர் யார், யாரிடம் கற்றார், எந்த ஊர், பதிவுசெய்ய ஒப்பினாரா என்பது ஒவ்வொரு காணொளியோடும் போக வேண்டும். மூலப் பதிவு குழுவின் கையில், இரண்டு இடத்திலாவது இருக்க வேண்டும். தளத்தை நோட்டீஸ் ஒட்டுகிற சுவராக வைத்துக்கொள்வோம், குடியிருக்கிற வீடாக வேண்டாம். இத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை விட்டுவிட்டு, பாட்டைக் கேட்டுவிட்டு எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தார்கள் என்று எண்ணப் பழகுவோம்.

போன மாதம் அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தோம். பாட்டை மறுபடி பதிவுசெய்தோம். என்ன பெயர் போடுவது என்று தம்பி கேட்டான். "என் பேரு எதுக்கு, எங்க மாமியா பேரப் போடு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, அதுக்குக் கீழ என் பேரையும் போட்டுரு" என்றார். அந்த வரிசையிலேயே போட்டிருக்கிறோம். அறிவிப்பு இந்த முறையும் வந்திருக்கிறது. மறுப்பு அனுப்பியிருக்கிறோம்; முப்பது நாள் இன்னும் முடியவில்லை.