நாலாம் நம்பர் டின்

போன வாரம் தலைவலி மாத்திரை வாங்க மெடிக்கல் ஷாப்பில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆட்டோக்காரர். ஒரு கையில் அரை லிட்டர் பால் பாக்கெட். இன்னொரு கையால் சட்டைப் பையிலிருந்து பழைய டப்பாவில் கிழித்த அட்டைத் துண்டை எடுத்துக் காட்டி, "இதுல நாலாம் நம்பர் குடுங்க" என்றார். 400 கிராம் டப்பா வந்தது. 500 ரூபாய்க்கு மேல் எண்ணிக் கொடுத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் கேட்கவில்லை.

"குழந்தைக்கு என்ன வயசு?"

"ஒண்ணே முக்கால் சார். பையன்."

"அப்ப இந்தப் பால் பாக்கெட்?"

"இது எங்களுக்கு சார். காபிக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நல்லது பிள்ளைக்கு, மிச்சம் நமக்கு என்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்கு மேற்கொண்டு பேச மனசு வரவில்லை. அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். ஒன்றே முக்கால் வயசுப் பையனுக்கு அந்த டப்பா தேவையே இல்லை. காபிக்குப் போன பால் அவனுக்குப் போதும்.

இதைவிடப் பெரிய கோளாறு இன்னொரு வீட்டில் நடக்கும். அங்கே குழந்தைக்கு மூன்று மாதம். தாய்ப்பால் பத்தவில்லை என்று பேச்சு வரும். (பல சமயம் பத்தும். குழந்தையைச் சரியாக அணைத்துப் பிடிக்கக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லாததுதான் குறை.) உடனே ஒரு பெரியம்மா, "டின்னெல்லாம் எதுக்குடி? பசும்பால்ல ஒண்ணுக்கு ஒண்ணு தண்ணி விட்டுக் காய்ச்சிக் குடு" என்பார். ஆக, எந்தக் குழந்தைக்கு டின் பால் வேண்டியிருக்கலாமோ அதற்கு மாட்டுப் பால். எதற்கு மாட்டுப் பால் போதுமோ அதற்கு டின். முழுசாகத் தலைகீழ்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் சாப்பாட்டோடு சேர்த்து இரண்டு வயசு வரையோ அதற்கு மேலோ தாய்ப்பால். இது உங்களுக்குத் தெரியும். இதையே திரும்பச் சொல்லி, கொடுக்க முடியாத அம்மாக்களை அழவைப்பது என் வேலை இல்லை. தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்கு என்ன என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் வயசைப் பொறுத்தது. ஒரு வயசுக்கு முன்னால் ஒரு பதில், பின்னால் வேறு பதில்.

பசும்பால் கன்றுக்குட்டிக்காகத் தயாரானது. கன்று சீக்கிரம் எழுந்து நிற்க வேண்டும், ஓட வேண்டும். அதனால் பசும்பாலில் புரதம் தாய்ப்பாலைப் போல மூன்று மடங்கு. உப்புகளும் அதிகம். கைக்குழந்தையின் சிறுநீரகம் அவ்வளவையும் வெளியே தள்ளத் திணறும். இரும்புச் சத்தோ மிகக் குறைவு. போதாததற்கு, ஒரு வயசுக்குள் பசும்பாலையே பிரதானமாகக் குடிக்கும் சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தக் கசிவு ஏற்படுகிறது. வருகிற இரும்பும் குறைவு, இருக்கிறதும் போகிறது. தண்ணீர் கலந்தால் புரதமும் உப்பும் குறையும் என்று பெரியம்மா கணக்குப் போட்டது சரி. கூடவே சக்தியும் குறைந்துவிடும். குழந்தை வயிறு முட்டக் குடிக்கும், எடை ஏறாது.

டப்பாப் பாலும் மாட்டுப் பால்தான், வானத்திலிருந்து விழவில்லை. அதில் புரதத்தைக் குறைத்து, கொழுப்பை மாற்றி, இரும்பும் வைட்டமினும் சேர்த்திருக்கிறார்கள். அதனால்தான் ஆறு மாதத்துக்குள், தாய்ப்பால் இல்லை என்றால், அது பசும்பாலைவிட மேல். ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம் வரை நிபுணர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் ஒரு வயசு வரை மாட்டுப் பாலைக் குடிக்கக் கொடுக்காதே என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டில் எது வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்கிறது. நம் ஊரில் ரத்தசோகை இருக்கிற இருப்புக்கு, நான் அமெரிக்கர் கட்சி.

இந்த இடத்தில் ஒருவர் கண்டிப்பாகக் கை தூக்குவார். "எங்க பாட்டி பதினோரு பிள்ளை பெத்தா. டின்னா வாங்கினா?" வாங்கவில்லை. அவரிடம் அடுத்த கேள்வியையும் கேளுங்கள், பதினொன்றில் எத்தனை தங்கியது என்று. கொஞ்ச நேரம் யோசித்து, "ஏழு" என்பார்.

பாட்டிகளை முழுசாகத் தள்ளவும் முடியாது. சங்கிலும் பாலாடையிலும் ஊட்டினார்களே, அது ஃபீடிங் பாட்டிலைவிட எவ்வளவோ சுத்தம். எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு நம் ஆஸ்பத்திரிகளே பாலாடையில்தான் ஊட்டுகின்றன. ஆனால் தெருவில் கழுதையை ஓட்டிவந்து சங்கு கணக்கில் பால் விற்பவரைக் கூப்பிட்டு, பிறந்த குழந்தை வாயில் பச்சையாக ஊற்றும் வழக்கத்துக்கு என்னால் வக்காலத்து வாங்க முடியாது. நாக்கில் தேன் தடவுவதற்கும்தான்.

'ஃப்ரெஷ்' என்கிற வார்த்தை மேல் நமக்கு இருக்கும் மயக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பவுடர் என்றால் செயற்கை, பாக்கெட் என்றால் புதுசு என்று நினைக்கிறோம். காலையில் வாசலில் விழுகிற டோன்டு பால் என்பதே, கொழுப்பு மிகுந்த எருமைப் பாலில் கொழுப்பெடுத்த பால் பவுடரும் தண்ணீரும் கலந்து அளவைப் பெருக்கும் இந்திய யோசனை. பம்பாயில் 1946 வாக்கில் தாரா குரோடி என்பவர் கொண்டுவந்தது. ஏழைக்கும் பால் எட்ட வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் பிறந்தது. அதே எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவுப் பவுடர் செய்ய மைசூர் ஆராய்ச்சிக்கூடத்தில் வழி கண்டுபிடித்து, 1960 வாக்கில் அமுல் அதைப் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கியது. முடியவே முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்ன காரியம். கொழுகொழு குழந்தையைப் பார்த்தால் 'அமுல் பேபி' என்று நாம் கொஞ்சுவது அந்த டப்பா தந்த பெயர். பாலும் பவுடரும் பகையாளிகள் இல்லை, பங்காளிகள்.

அப்படியானால் டின் மேல் ஏன் இவ்வளவு கோபம்? சரித்திரம் இருக்கிறது.

சிசிலி வில்லியம்ஸ் என்று ஒரு டாக்டர். 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் பேசக் கூப்பிட்டார்கள். கனவான்கள் சாப்பிட்டு முடித்துச் சாய்ந்து உட்கார்ந்திருக்க, அந்த அம்மாள் தன் பேச்சுக்கு வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. இனிப்புக் கட்டிப்பால் டப்பாவைக் குழந்தை உணவு என்று ஏழைத் தாய்மார் தலையில் கட்டுவதைக் கொலை என்றே சொன்னார். 1974-ல் பிரிட்டனில் 'குழந்தைக் கொல்லி' என்று ஒரு சின்னப் புத்தகம் வந்தது. ஏழை நாடுகளில் பால் பவுடர் எப்படி விற்கப்படுகிறது என்று சொன்ன புத்தகம். சுவிட்சர்லாந்தில் அதை மொழிபெயர்த்தவர்கள் தலைப்பில் கம்பெனி பெயரையே போட, நெஸ்லே வழக்குப் போட்டு ஜெயித்தது. மொழிபெயர்த்தவர்களுக்கு 300 ஃபிராங்க் அபராதம். கூடவே, விற்பனை முறையை மாற்றிக்கொள் என்று நீதிபதி கம்பெனிக்கும் புத்தி சொன்னார். 1977-ல் அமெரிக்காவில் புறக்கணிப்பு இயக்கம் தொடங்கியது. 1981-ல் உலக சுகாதார மாநாட்டில் தாய்ப்பால் மாற்று உணவுகளை விற்பதற்கு நெறிமுறை வந்தபோது 118 நாடுகள் ஆதரவு, ஒரே ஒரு நாடு எதிர்ப்பு. அமெரிக்கா.

இந்தியா 1992-ல் சட்டமே போட்டது. 2003-ல் இறுக்கியது. இரண்டு வயசு வரையான குழந்தை உணவுக்கு விளம்பரம் கூடாது. டப்பாவில் குழந்தை படமோ பெண் படமோ கூடாது. இலவச சாம்பிள் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்று டப்பாவிலேயே அச்சடிக்க வேண்டும். நம் நாட்டில் உருப்படியாக எழுதப்பட்ட சட்டங்களில் ஒன்று என்பேன்.

அப்புறம் எப்படி ஆட்டோக்காரர் கைக்கு நாலாம் நம்பர் வந்தது? அந்த நம்பர்தான் வித்தை. முதல் நம்பர் பிறந்ததிலிருந்து. ஆறு மாதம் ஆனதும் இரண்டு. ஒரு வயசில் மூன்று. ஒன்றரை வயசில் நான்கு. பள்ளிக்கூடத்தில் வகுப்பு ஏறுகிற மாதிரி. மூன்று படித்த பிள்ளை நான்குக்குப் போகாமல் நின்றுவிட்டால் பெற்றவர்களுக்குக் குற்ற உணர்ச்சி வராதா? விளம்பரமே வேண்டாம், டப்பாவே அடுத்த டப்பாவுக்கு விளம்பரம். நம்பர் போட்டவருக்கு நம் ஊரைத் தெரிந்திருக்கிறது.

ஒரு வயசுக்கு மேல் இந்த டப்பாக்களைப் பற்றி இப்போது இரண்டு கட்சி கிடையாது. மேலே சொன்ன 2023 வழிகாட்டுதலிலேயே உலக சுகாதார நிறுவனம் 12 முதல் 23 மாதம் வரை இவற்றைச் சிபாரிசு செய்யவில்லை, சாதாரண மாட்டுப் பால் போதும் என்கிறது. அதே வருஷம் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இதையேதான் சொன்னது. அலர்ஜி, குறைப்பிரசவம் என்று தனிக் காரணத்துக்காக டாக்டர் எழுதியிருந்தால் அது வேறு. என் பத்தியைக் காட்டி அவருடன் சண்டைக்குப் போகாதீர்கள்.

விலைக் கணக்கை நீங்களே போடலாம். 400 கிராம் பவுடரைக் கரைத்தால் சுமார் 3 லிட்டர் பால். 3 லிட்டர் பாக்கெட் பால் என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். "டோன்டு பால் தண்ணியா இருக்குமே" என்று கவலைப்படுபவர்களுக்கு: அதில் கொழுப்பு 3 சதவீதம். அமெரிக்காவில் 'முழுப் பால்' என்று விற்பதிலேயே குறைந்தபட்சம் 3.25தான்.

அதற்காகப் பாலை லிட்டர் கணக்கில் ஊற்றவும் கூடாது. "சாப்பிடவே மாட்டேங்கிறான், பால் மட்டும்தான் குடிக்கிறான்" என்று அலுத்துக்கொள்ளும் அம்மாவுக்கு, பால் குடிப்பதால்தான் சாப்பிடுவதில்லை என்பது தெரிவதில்லை. பாலில் இரும்பு இல்லை என்று சொன்னேன் அல்லவா? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஆறு மாதம் முதல் ஐந்து வயசுக்குள் ரத்தசோகை உள்ள குழந்தைகள் இந்தியாவில் 67 சதவீதம், தமிழ்நாட்டில் 57. முந்தைய கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் 51 சதவீதம்தான் இருந்தது. ஏறியிருக்கிறது. எல்லாப் பழியும் பால் மேல் இல்லை. ஆனால் காலையில் ஒரு பாட்டில், மதியம் தூங்க ஒரு பாட்டில், ராத்திரி இரண்டு என்று போகிற வீட்டில் பாலுக்கும் பங்கு உண்டு.

டின் உண்மையிலேயே வேண்டிய குழந்தைக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பெண், வீட்டு வேலை செய்கிறவர். 2017 முதல் 26 வாரம் பிரசவ விடுமுறை சட்டத்தில் இருக்கிறது, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு. நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவருக்கு யார் கொடுப்பது? இரண்டாம் மாதமே வேலைக்கு வந்துவிட்டார். குழந்தை பாட்டியிடம், டின் பாலில். சாதாரணமாக 30 மில்லி தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் தலை தட்டிப் போட வேண்டும். "இருபதாந் தேதிக்கு மேல அரை ஸ்பூன்தான் சார் போடுவோம். சம்பளம் வர்ற வரைக்கும் டப்பா வரணுமே" என்று சாதாரணமாகச் சொன்னார். 1974-ல் அந்தப் புத்தகம் சொன்னதும் இதையேதான்: தண்ணீராகிப் போன பால், சுத்தமில்லாத பாட்டில், இளைத்துக்கொண்டே போகும் குழந்தை.

அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், பெரியம்மாக்கள் படிக்கட்டும். காலையில் பிழிந்து மூடிவைத்துவிட்டு வந்தால் தாய்ப்பால் சாதாரண இடத்தில் நாலு மணி நேரம் தாங்கும். நம் வெயிலில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ராத்திரி எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஊட்டலாம். குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். டின் பால்தான் என்றால், தண்ணீரைக் கொதிக்கவைத்து அரை மணிக்குள், சூடு இருக்கும்போதே பவுடரைக் கலந்து அப்புறம் ஆறவைக்க வேண்டும். பவுடர் கிருமி நீக்கியது இல்லை, அந்தச் சூடுதான் கிருமியைக் கொல்லும். அளவைக் குறைக்கவே கூடாது. "குறைக்கலேன்னா டப்பாவுக்கு யார் சார் காசு குடுப்பாங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. ஒரு வீட்டு எஜமானி அம்மாள் இப்போது மாதம் ஒரு டப்பா வாங்கித் தருகிறார்.

ஆட்டோக்காரர் டப்பாவை சீட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மறுபடி பார்த்தால், பையன் என்ன சாப்பிடுவான் என்று விசாரிக்க வேண்டும். கேழ்வரகுக் களி, முட்டை, முருங்கைக் கீரை, பருப்பு சாதம், கூட காய்ச்சின பாக்கெட் பால் டம்ளரில் இரண்டு வேளை. அரை லிட்டரில் அது போக காபிக்கும் கொஞ்சம் மிஞ்சும்.